"நீ" என்றால் திரும்பி "நீ" வருமா? வேலை இடத்தில் மரியாதையை அளக்க 7 கேள்விகள்!

சித்தேரி,

தர்மபுரி மாவட்டம் அரூரை அடுத்து உள்ளது சித்தேரி மலை. இங்கு வாழ்பவர்கள் மலையாளி பழங்குடியினர். கேரளத்துக்காரர்கள் அல்ல. தமிழ் பேசும் மலைமக்கள்.

மலையில் இருந்து பஸ் பிடித்து அரூரில் ஒரு ஆபீசுக்கு 50 வயதுக்காரர் ஒருவர் வேலைக்கு வருவதாக வைத்துக் கொள்ளுங்கள். பக்கத்து மேஜையில் 25 வயது வாலிபர்.

"ஏய், அந்த பைலை எடு!" என்கிறார் வாலிபர்.

"இதோ எடுத்துட்டேன் சார்" என்கிறார் பெரியவர்.

அடி இல்லை. கெட்ட வார்த்தை இல்லை. ஆனால் நெஞ்சில் முள் தைக்கிறதே! இதை எப்படி அளப்பது?

100-க்கு 71 பேர்

அளந்து பார்த்து இருக்கிறார்கள். அமெரிக்காவில் லிலியா கார்ட்டினா என்ற மனநூல் அறிஞரும் அவருடன் சேர்ந்தவர்களும் 2001-ம் ஆண்டு ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அரசுத்துறை ஊழியர்கள் 1,180 பேரிடம் 7 கேள்விகள் கேட்கப்பட்டன.

உங்களை மட்டம் தட்டினார்களா? நீங்கள் சொல்வதை காதில் வாங்காமல் இருந்தார்களா? ஒதுக்கி வைத்தார்களா? உங்கள் பொறுப்பில் உள்ள வேலையிலேயே உங்களை சந்தேகித்தார்களா? வேண்டாத சொந்த விஷயத்தை கிளறினார்களா? இப்படி போகின்றன கேள்விகள். எத்தனை தடவை என்பதுதான் கணக்கு.

முந்தைய 5 ஆண்டுகளில் இந்த அனுபவம் உண்டு என்று 100-க்கு 71 பேர் சொன்னார்கள். ஆண்களை விட பெண்களுக்கே அதிகம். அவமதிப்பு கூடக் கூட வேலையில் பிடிப்பு குறைந்தது. "விட்டுப் போய்விடலாமா" என்ற எண்ணம் வளர்ந்தது.

அளந்தால் மாற்றவும் முடியும். அமெரிக்காவில் முன்னாள் ராணுவத்தினருக்கான ஆஸ்பத்திரிகளில் 2005-ல் ஒரு திட்டம் தொடங்கியது. ஊழியர்கள் கூடி உட்கார்ந்து மனம்விட்டு பேசினார்கள். பேசும் முன்பும் பின்பும் மரியாதை அளக்கப்பட்டது. மதிப்பெண் ஏறியது!

8-வது கேள்வி

அந்தக் கேள்விகள் ஆங்கிலத்தில் உருவானவை. அங்கே "நீ"க்கும் "நீங்க"ளுக்கும் ஒரே சொல். தமிழில் அளப்பதானால் 8-வதாக ஒன்று வேண்டும்.

"நீங்கள் 'நீ' என்று கூப்பிடுகிறவர், உங்களைத் திருப்பி 'நீ' எனலாமா?"

சிநேகிதர்களுக்குள் "நீ" இரண்டு பக்கமும் போகும். அது பாசம். ஒரு பக்கம் மட்டும் போனால்? அங்கேதான் எடை குறைகிறது!

சட்டமும் உண்டு. பழங்குடியினரை மற்றவர்கள் பலர் முன்னிலையில் வேண்டும் என்றே இழிவுபடுத்தினால், 1989-ம் ஆண்டின் வன்கொடுமை தடுப்புச் சட்டம் பாயும். கடை ஊழியர்கள் உட்கார இருக்கை தர வேண்டும் என்று 2021-ல் தமிழக சட்டசபை சட்டம் திருத்தியது. நாற்காலியை எண்ணிவிடலாம். தினசரி "ஏய்" எத்தனை என்று எந்த அதிகாரி வந்து எண்ணுவார்?

பெட்டியும் சீட்டும்

கடையிலும் ஆபீசிலும் உள்ளவர்களே எண்ணலாம். ஒரு பெட்டி, கொஞ்சம் சீட்டு போதும். பெயர் எழுத வேண்டாம். 8 கேள்விக்கும் "இல்லை", "எப்பவாவது", "அடிக்கடி" என்று குறித்தால் சரி. 6 மாதம் கழித்து மறுபடி ஒரு முறை.

முதலாளி முதலில் தன் சீட்டை போடட்டும். பிறகு மற்றவர்களுக்கு தைரியம் வரும்.

சாயந்திரம் சித்தேரி பஸ் ஏறும் பெரியவர், அன்றைய கூலியோடு மரியாதையையும் வீட்டுக்கு கொண்டு போகட்டுமே!