பிளேட்லெட் பைக்கு ஐஸ் வேண்டாம்!

கார்த்திகை தீப நேரத்தில் திருவண்ணாமலை ரமணாசிரமம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும், செங்கம் சாலையில் கிரிவலக் கூட்டம் நெரிந்தால் வண்டி நகராது. அதே மழைக்காலம்தான் டெங்குவுக்கும் காலம். அந்த நெரிசலில் ரத்த வங்கியிலிருந்து பிளேட்லெட் எனும் தட்டணுப் பையோடு வருபவருக்கு, ‘கெட்டுவிடுமோ, ஐஸில் வைக்கலாமா?’ என்றுதான் தோன்றும்.

வைக்கவே கூடாது. 2 முதல் 6 டிகிரி குளிர்ச்சி சிவப்பணுக்களுக்கு. தட்டணுக்களுக்கு 20 முதல் 24 டிகிரி வேண்டும். குளிர் பட்டால் அவை உருமாறிவிடும். ஏற்றிய கொஞ்ச நேரத்திலேயே கல்லீரல் அவற்றை அகற்றிவிடும். அதற்காக வெயிலில் நிற்கும் பைக் பெட்டியிலும் வைக்கக் கூடாது. ‘அறை வெப்பநிலை’ என்பது நம் ஊர் வெயில் கால அறை அல்ல!

ரத்த வங்கியில் இந்தப் பைகளைத் தொட்டில் போல மெதுவாக ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவி உண்டு. அசையாமல் கிடந்தால் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்ளும். பை வழியாக ஆக்ஸிஜனும் சரிவரக் கிடைக்காது. இவ்வளவு பார்த்தும் ஆயுள் பொதுவாக 5 நாள்தான். அந்த இதமான சூடு கிருமிகளுக்கும் பிடிக்குமே! சிவப்பணுக்கள் ஒரு மாதத்துக்கு மேல் தாங்கும். தட்டணுக்களைத் தீபத்துக்கென்று முன்கூட்டியே சேர்த்துவைக்க முடியாது. அந்த வாரமே யாராவது கை நீட்டியாக வேண்டும்.

பை கைக்கு வந்தால், ஐஸ் போடாத தெர்மாகோல் பெட்டியில் நேராக வார்டுக்குக் கொண்டுபோங்கள். அங்கேயும் ஃபிரிட்ஜில் வைக்காமல் உடனே நர்ஸிடம் கொடுத்துவிடுங்கள்.