பூட்டிய வீட்டில் நிற்கும் வண்டி... பிரேக் பிடிக்குது சரி, விடுதா? - காலிப்பர் பராமரிப்பு ஏ டு இசட்!

காரைக்குடி, கானாடுகாத்தான், தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடுகள் பலவற்றில் ஆண்டு முழுக்க ஆள் இருப்பதில்லை. பிழைப்பு சென்னையிலோ கோவையிலோ சிங்கப்பூரிலோ இருக்கும். கல்யாணம், அறுபதாம் கல்யாணம், படைப்பு, கோயில் திருவிழா என்றால்தான் வீடு திறக்கும். ஷெட்டில் நிற்கும் காரும் ஸ்கூட்டரும் அன்றைக்குத்தான் வெளியே வரும்.

பேட்டரி பார்ப்பார்கள். டயருக்குக் காற்று அடிப்பார்கள். தூசி தட்டித் துடைப்பார்கள். பிரேக்கை ஒரு முறை மிதித்துப் பார்த்து, 'பிடிக்குது' என்று கிளம்பிவிடுவார்கள்.

மிதித்தால் பிடிப்பது பாதி வேலைதான். காலை எடுத்ததும் விட வேண்டும். அதுதான் மீதிப் பாதி. நின்ற வண்டியில் முதலில் கெடுவதும் பெரும்பாலும் அந்த இரண்டாவது பாதிதான்.

காலிப்பர் என்றால் என்ன?

டிஸ்க் பிரேக் உள்ள பைக்கிலும் காரிலும் சக்கரத்தோடு சேர்ந்து ஓர் இரும்புத் தட்டு சுழலும். அதுதான் டிஸ்க். இடுக்கி மாதிரி அதைக் கவ்விப் பிடிக்கும் பாகம்தான் காலிப்பர். அதற்குள் டிஸ்க்கின் இரண்டு பக்கமும் ஆளுக்கொன்றாக பிரேக் பேடுகள் இருக்கும்.

நம் ஊரில் ஓடும் கார்களிலும் பைக்குகளிலும் பெரும்பாலானவற்றில் இருப்பது 'நகரும்' வகை காலிப்பர். பிஸ்டன் ஒரு பக்கம்தான் இருக்கும். பிரேக்கை அழுத்தியதும் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ள, உள்பக்க பேடு டிஸ்க்கைத் தொடும். அந்த எதிர்விசையில் காலிப்பரின் உடம்பு முழுவதும் நகர்ந்து, வெளிப்பக்க பேடையும் டிஸ்க் மேல் இழுத்து அழுத்தும். அது நகர்வதற்கான தண்டவாளம்தான் 'ஸ்லைடு பின்'. பொதுவாக இரண்டு பின்கள் இருக்கும். அவற்றின் மேல் ரப்பர் உறையும் உள்ளே மெல்லிய கிரீஸ் பூச்சும் இருக்கும்.

காலை எடுத்ததும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல் அதை மயிரிழை அளவு பின்னுக்கு இழுக்கும். பின்கள் வழுக்கினால் காலிப்பரும் தளர்ந்து, பேடுகள் டிஸ்க்கை விட்டு விலகும். பின்கள் சிக்கிக்கொண்டால்? வெளிப்பக்க பேடு டிஸ்க்கோடு உரசிக்கொண்டே வரும்.

ஓடாத வண்டிக்கு ஏன் ஆபத்து அதிகம்?

பூட்டிய வீட்டுத் தேக்குக் கதவின் தாழ்ப்பாளை நினைத்துப் பாருங்கள். தினமும் திறந்து மூடினால் வழுக்கிக்கொண்டு வரும். ஆறு மாதம் தொடாமல் விட்டால் துருவேறி மக்கர் பண்ணும். ஸ்லைடு பின்னும் அப்படித்தான். தினமும் ஓடுகிற வண்டியில் பின்கள் சிறிதளவாவது அசைந்துகொண்டே இருக்கும். நின்ற வண்டியில் பழைய கிரீஸ் இறுகும். ரப்பர் உறையில் சின்ன கிழிசல் இருந்தாலும் மழை ஈரமும் செம்மண் தூசியும் உள்ளே போய் துரு பிடிக்கும். அடிக்கடி தொண்டி, ராமேஸ்வரம் என்று போய் வருகிற வண்டிக்குக் கடற்கரை உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும்.

துருவைப் பற்றி உலகத் தரத்தில் ஆராய்ச்சி செய்யும் இடமே காரைக்குடியில்தான் இருக்கிறது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுக்க, 1948 ஜூலை 25-ல் நேரு அடிக்கல் நாட்டி, 1953 ஜனவரி 14-ல் டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்த மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம்தான் அது. ஊர்க்காரர்களுக்கு 'சிக்ரி'. உலோக அரிப்பு அங்கே முக்கியமான ஆய்வுத் துறை. இரும்பு துருப்பிடிக்க ஈரமும் ஆக்சிஜனும் போதும், உப்பு சேர்ந்தால் வேகம் கூடும் என்பது அந்தத் துறையின் அரிச்சுவடி. ஸ்லைடு பின்னுக்குப் பூசும் கிரீஸ், வழுக்குவதற்கு மட்டுமல்ல. ஈரத்தைத் தடுக்கும் கவசமும் அதுதான்.

இந்த அறிகுறிகள் இருக்கிறதா?

● பிரேக் போடும்போது வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது.

● ஒரு சக்கரம் மட்டும் மற்றதைவிட அதிகமாகச் சூடாகிறது, அல்லது தீய்ந்த வாடை வருகிறது.

● ஒரே காலிப்பரில் ஒரு பேடு தேய்ந்துபோயிருக்கிறது. ஜோடி பேடு அப்படியே இருக்கிறது.

● காரணமில்லாமல் மைலேஜ் குறைகிறது. வண்டியைத் தள்ளினால் கனமாக இருக்கிறது.

● பிரேக்கைத் தொடாதபோதும் உரசல் சத்தம் நிற்கவில்லை.

பைக்கில் இதைச் சோதிப்பது சுலபம். சென்டர் ஸ்டாண்டு போட்டு, டிஸ்க் உள்ள சக்கரம் தரையைத் தொடாதபடி வைத்து, கையால் சுழற்றிவிடுங்கள். லேசான உரசல் சத்தம் இயல்பு. சுழற்றியதும் சட்டென்று நின்றால் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். காரில், சிறிது தூரம் ஓட்டி, கடுமையாக பிரேக் போடாமல் நிறுத்தி, சக்கரங்களின் அருகே கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், சுட்டுவிடும்!

மழைக்குப் பிறகோ வண்டி கழுவிய பிறகோ டிஸ்க்கில் தெரியும் மெல்லிய செந்நிறப் படலத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை. நாலைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். குழிகுழியாக அரித்திருந்தால்தான் மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும்.

எந்த கிரீஸ்? எங்கே?

தப்பு நடப்பது பெரும்பாலும் இங்கேதான். சக்கர பேரிங்குக்குப் போடும் சாதாரண கிரீஸ், இன்ஜின் ஆயில், தேங்காயெண்ணெய் எதுவும் காலிப்பருக்கு ஆகாது. பெட்ரோலிய எண்ணெய் பட்டால் பிரேக் ரப்பர் ஊதிப் பெருத்து, பின்னை இன்னும் இறுக்கிவிடும். பிரேக் காலிப்பருக்கென்றே விற்கும் சிலிகான் அல்லது சிந்தெடிக் கிரீஸ்தான் வேண்டும்.

பூச வேண்டிய இடங்கள்: ஸ்லைடு பின்கள், பேடின் காதுகள் உட்காரும் இடம். பின்னில் மெல்லிய பூச்சு போதும். அப்பிவிட்டால் காற்று அடைபட்டு, பின் முழுதாக உள்ளே போகாது.

பூசவே கூடாத இடங்கள்: பேடின் உராயும் முகமும் டிஸ்க்கும். அங்கே கிரீஸ் பட்டால் பிரேக் பிடிக்காது.

ஒர்க்‌ஷாப்பில் என்ன நடக்க வேண்டும்?

'பிரேக் சர்வீஸ்' என்று பில்லில் இருந்தால் மட்டும் போதாது. காலிப்பரைக் கழற்றி, இரண்டு பின்களையும் வெளியே எடுத்து, பழைய கிரீஸைத் துடைத்து, பிரேக் கிளீனரால் சுத்தம் செய்து, புது கிரீஸ் பூச வேண்டும். மேல் பின்னும் கீழ்ப் பின்னும் சில வண்டிகளில் வேறு வேறு. இடம் மாற்றிப் போடக் கூடாது. துரு அரித்துக் குழி விழுந்த பின்னையும் கிழிந்த ரப்பர் உறையையும் மாற்றிவிடுவதுதான் நல்லது.

காலிப்பரை பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கம்பியால் கட்டி வைக்க வேண்டும். அது கழன்றிருக்கும்போது பிரேக்கை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிரேக் தூசியை வாயால் ஊதவும் கூடாது, மூச்சுக்குக் கெடுதல்.

வேலை முடிந்ததும் வண்டியை நகர்த்துவதற்கு முன், பெடல் கெட்டியாகும் வரை பலமுறை மிதிக்க வேண்டும். இதை மறந்தால் முதல் மிதியில் பிரேக் பிடிக்காமல் போகலாம்.

ஆண்டுக்கு ஒரு முறையும், பேடு மாற்றும் ஒவ்வொரு முறையும் இந்த வேலையைச் செய்துவிடுங்கள். பேடு எப்போது மாற்றுவது? காரில் உராயும் பொருள் 3 மி.மீ. அளவுக்கு வந்தால் நேரம் வந்துவிட்டது; பைக் பேடில் தேய்மானக் கோடு மறைந்தால் மாற்றுங்கள். உங்கள் வண்டியின் கையேடு வேறு அளவு சொன்னால் அதுவே முடிவு. எலெக்ட்ரிக் ஹேண்ட் பிரேக் உள்ள காரில் வீட்டில் கை வைக்க வேண்டாம்.

'என் பைக்கில் ஏ.பி.எஸ் இருக்கே' என்பவர்களுக்கு: 125 சி.சி-க்கு மேற்பட்ட புது மாடல் டூ வீலர்களுக்கு 2018 ஏப்ரல் 1 முதலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரல் 1 முதலும் அது கட்டாயம். ஆனால், சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் பார்ப்பதுதான் அதன் வேலை. சிக்கிய பின்னை அது விடுவிக்காது.

பிரேக் ஆயிலையும் கவனியுங்கள்

பெயர்தான் ஆயில். உண்மையில் இது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் திரவம். 'டாட் 4' வகைக்குப் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரி வரை இறங்கலாம். சிக்கிய காலிப்பர் கொடுக்கும் சூட்டில் அது கொதித்து ஆவிக்குமிழி உண்டானால், மிதித்த பெடல் அப்படியே உள்ளே போகும். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும், பொதுவாக இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை மாற்றுவது நல்லது.

ஊருக்குக் கிளம்பும் முன்...

● வண்டியைக் கழுவி உடனே ஷெட்டில் விடாதீர்கள். சிறிது தூரம் ஓட்டி, பிரேக் பிடித்து, ஈரம் காய்ந்த பிறகு நிறுத்துங்கள்.

● மாதக்கணக்கில் நிற்கப்போகும் காருக்கு ஹேண்ட் பிரேக் வேண்டாம். பின்சக்கர பிரேக் ஒட்டிக்கொள்ளும். சமதளத்தில் கியரில் நிறுத்தி, சக்கரத்தின் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள்.

● வீட்டைப் பார்த்துக்கொள்பவர் 15 நாளைக்கு ஒரு முறை ஸ்டார்ட் செய்தால் மட்டும் போதாது. சில கிலோமீட்டர் ஓட்டி, பிரேக்கையும் பயன்படுத்தச் சொல்லுங்கள்.

● திரும்பி வந்ததும் முதல் பயணம் தெருவுக்குள்ளேயே, மெதுவாக. இரண்டு மூன்று முறை பிரேக் போட்டுப் பார்த்த பிறகு மெயின் ரோடு.

இந்த சர்வீஸுக்கு நம் பக்கத்தில் பொருத்தமான நேரம், வடகிழக்குப் பருவமழை முடிந்த மார்கழிக் கடைசி. ஏனென்றால் அடுத்து வருவது தை. குன்றக்குடியிலிருந்து சிங்கம்புணரி, நத்தம் வழியாகப் பழனிக்கு நகரத்தார் காவடியும் பாதயாத்திரைக் கூட்டமும் சாலையோரம் நடந்து போகும் மாதம். விடியாத இருட்டில், பெரியவர்களும் பிள்ளைகளுமாக வெறுங்காலோடு நடப்பவர்களை ஒட்டித்தான் நம் வண்டியும் போகிறது. பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள், பேட்டரிக்காரரைக் கூப்பிடும்போதே மெக்கானிக்கிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்: "காலிப்பர் பின்னைக் கழற்றிப் பாருங்கண்ணே!"