சிறு சூரியத் தகடு வாங்குவோர்க்கு

ஐந்நூறு, அறுநூறு ரூபாய்க்குச் சூரியத் தகடு கிடைக்கிறதாமே, வாங்கலாமா என்று தாராவியிலும் செம்பூரிலும் வாழும் நம் சங்கத்து அன்பர் பலர் கேட்டு வருகின்றனர். வாங்கலாம் என்பதே நம் விடை. ஆயினும் அத்தகடு எவ்வளவு தரும், எவ்வளவு தராது என்பதைக் கணக்கிடாமல் வாங்குவோர், ஒரு மழைக்காலம் கழிவதற்குள் அதனைப் பரணில் ஏற்றிவிடுவர்.

மும்பையில் பிற நகரங்களைப் போல அடிக்கடி மின்சாரம் தடைப்படுவதில்லை என்பது உண்மையே. ஆனால் தடைப்படும்பொழுது ஊரே ஸ்தம்பித்துவிடுகிறது. 2005 ஜூலை 26 அன்று சாந்தாக்ரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்து, பல பகுதிகள் இருளில் மூழ்கியதை மூத்தோர் மறந்திரார். 2020 அக்டோபர் 12 காலையில் மின்தொடர் முறிந்து, ரயில்களும் நின்ற இடத்திலேயே நின்றன. அத்தகைய நாளில் வீட்டில் ஒரு விளக்கு எரியவும், ஊரிலுள்ளாருடன் பேசுவதற்குக் கைப்பேசி உயிரோடிருக்கவும் வழி வேண்டும். சிறு தகட்டிடம் நாம் எதிர்பார்க்க வேண்டுவது அவ்வளவே. மின்விசிறியை அதனிடம் கேட்பது நியாயமன்று.

அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தார் 1954இல் சிலிக்கன் ஸெல்லை உலகுக்குக் காட்டியபோது, விழுந்த வெயிலில் நூற்றுக்கு ஆறு பங்கே மின்சாரமாயிற்று. இன்று கடையில் கிடைக்கும் நல்ல ஸெல் ஏறக்குறைய இருபது பங்கு தருகிறது. இந்த ஒரு கணக்கைக் கைவசம் வைத்திருந்தால் பல ஏமாற்றங்களிலிருந்து தப்பலாம். உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டரில் விழும் ஆற்றல் ஏறக்குறைய 1,000 வாட். எனவே 10 வாட் தகடு என்றால், சட்டம் முதலியன சேர்த்து ஏறத்தாழ ஓரடிக்கு ஓரடியாவது இருந்தாக வேண்டும். உள்ளங்கை அகலமுள்ள தகட்டின் முதுகில் "10 வாட்" என்று அச்சிட்டிருப்பின், அச்சிட்டவர் துணிச்சலை மெச்சிவிட்டு அடுத்த கடைக்கு நடக்கலாம். முதுகில் தகடு பதித்த 'பவர் பாங்க்' வகையும் இத்தகையதே. அதிலுள்ள தகடு நல்ல வெயிலில் ஒரு வாட்டுக்குச் சற்று மேல் தருமாயின் பெரிது. 10,000 மில்லி ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியை அதனால் நிரப்ப ஒரு வாரத்துக்கு மேலும் காயப் போட வேண்டும். வெயிலில் கிடந்து வெந்த பாட்டரியின் ஆயுளோ குறைந்துகொண்டே வரும்.

இனி, கடை. கிராண்ட் ரோடு ஸ்டேஷனுக்குக் கிழக்கே உள்ள லாமிங்டன் சாலை, பெயர்ப்பலகையில் டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க், இத்தகைய பொருள்களுக்கெல்லாம் பேர்பெற்ற இடம். தாராவியிலிருப்போர் மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறினால் மாறாமல் போய்ச் சேரலாம். மாதுங்காவிலிருந்து செல்வோர் தாதரில் மாற வேண்டும். மீட்டர் ஒன்றை உடன் கொண்டு செல்வது நலம். தகட்டை நடைபாதை வெயிலுக்குக் கொண்டுவந்து சோதிக்கக் கடைக்காரர் இசையாவிடில் அங்கே வாங்க வேண்டாம். "12 வோல்ட்" தகடு வெறுமனே 21 வோல்ட் வரை காட்டும். அதைக் கண்டு மகிழ்தல் வேண்டா. நலிந்த தகடும் வோல்ட்டைக் காட்டிவிடும்; உண்மை சொல்வது ஆம்பியரே. மீட்டரை 10 ஆம்பியர் நிலையில் வைத்து இரு கம்பிகளையும் தொடுத்தால், 10 வாட் தகடு நண்பகலில் 0.6 ஆம்பியரை ஒட்டிக் காட்ட வேண்டும். பாதி காட்டினால் அது ஐந்து வாட் தகடு. விலையும் பாதியாக வேண்டும்.

வீட்டுக்கு வந்தபின் நேரும் இடர்ப்பாடு பெரும்பாலும் நிழலால்தான். தகட்டிலுள்ள முப்பத்தாறு ஸெல்களும் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டவை. தண்ணீர்க் குழாயை ஓரிடத்தில் விரலால் நசுக்கினால் முழுக் குழாயிலும் ஓட்டம் குன்றுவது போல, ஒரே ஒரு ஸெல்மீது நிழல் விழுந்தாலும் தகடு முழுவதும் சோர்ந்துவிடும். தாராவிச் சந்துகளில் அண்டை வீட்டு மாடியும், தண்ணீர்த் தொட்டியும், காயப்போட்ட சேலையும் ஒருபுறமிருக்க, டெலிவிஷன் குடையின் மெல்லிய கம்பி நிழலே போதும். மாதுங்கா, செம்பூர்க் கட்டடங்களில் ஜன்னல் கம்பிக்குள் தகட்டைச் சாத்தி வைப்போர்க்குக் கம்பியின் நிழலே பகை. சொசைட்டியாரிடம் கேட்டு மொட்டை மாடியில் ஓரடி இடம் பெறுவது மேல். காலை பத்து முதல் பிற்பகல் மூன்று வரை நிழலற்ற இடத்தைப் பார்த்துத் தெற்கு நோக்கி, இருபது பாகை சாய்வில் அமைக்க வேண்டும். தகரக் கூரையின்மேல் ஒட்டப் படுக்க வைத்தல் தவறு. சூடேறச் சூடேறத் தகட்டின் ஆற்றல் குறையும். கீழே நான்கு விரற்கடை காற்றோட்டம் விட வேண்டும்.

தகட்டைக் காட்டிலும் கவனத்தோடு பேண வேண்டியது பாட்டரி. 12 வோல்ட், 7 ஆம்பியர்-மணி கொண்ட மூடிய ஈயப் பாட்டரியை எடுத்துக்கொள்வோம். அதில் பாதியளவே செலவிடுவது முறை. அப்பாதியே 3 வாட் எல்.இ.டி. விளக்கைப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் எரிக்கும். செலவான பாதியை 10 வாட் தகடு நல்ல வெயிலில் ஒன்றரை நாளில் நிரப்பிவிடும். ஜூன் முதல் செப்டம்பர் வரை இக்கணக்குச் செல்லாது. அடைமழை நாளில் பத்திலொரு பங்கு வந்தாலே பெரிது. மின்சாரம் போகக்கூடிய காலத்தில்தான் வெயிலும் இராது. ஆதலால் மே மாதத்திலேயே பாட்டரி நிறைந்திருக்க வேண்டும். மழையினூடே வீட்டு மின்சாரத்தால் இடையிடையே நிரப்பவும் ஏற்பாடிருக்க வேண்டும். தகட்டுக்கும் பாட்டரிக்கும் இடையே சில நூறு ரூபாய் விலையுள்ள 'சார்ஜ் கண்ட்ரோலர்' இன்றியமையாதது. அஃதின்றி நேரே கம்பி இணைத்தால், பகலில் அளவுமீறி நிரம்பிப் பாட்டரி உப்பும். இரவிலோ சேர்த்த மின்சாரம் தகட்டின் வழியே கசியும். பழைய லாப்டாப்பிலிருந்து பிரித்தெடுத்த லித்தியம் ஸெல்களை இவ்வாறு இணைப்பது தீயோடு விளையாடுவதாகும். சிறு குழந்தைகள் உறங்கும் ஓரறை வீட்டில் அம்முயற்சி கூடவே கூடாது.

மூன்று நான்கு ஆண்டுகளில் ஈயப் பாட்டரி ஓய்ந்துவிடும். அதைப் பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட வேண்டா. ஈயத்தை அடுப்பில் உருக்கும் புகை அக்கம்பக்கத்துக் குழந்தைகளின் மூளையைத் தாக்கும். 2022ஆம் ஆண்டின் பாட்டரிக் கழிவு விதிகளின்படி, தீர்ந்த பாட்டரிகளைத் திரும்பப் பெறச் செய்யும் பொறுப்பு அவற்றைச் செய்து விற்போரைச் சேர்ந்தது. பெரும்பாலான கடைகளில் பழையதைக் கொடுத்தால் புதியதன் விலையில் தள்ளிக் கொள்வர். பேரம் பேசும்போதே அதையும் கேட்டுவிட வேண்டும்.