இளஞ் சாரதியும் காப்புறுதிக் கட்டுப்பணமும்

இங்கிலாந்திலே பதினேழு வயது நிரம்பிய ஒருவர் மோட்டார் கார் ஓட்டப் பழகலாம். பரீட்சையிற் சித்தியெய்தி அனுமதிப்பத்திரமும் பெறலாம். பழைய காரொன்றை வாங்குவதும் அத்துணை அரிதன்று. ஆயினும், அக்காரை வீதியில் இறக்குமுன் காப்புறுதி பெற்றாக வேண்டும். அங்கேதான் தொல்லை தொடங்குகின்றது. ஓராண்டுக் காப்புறுதிக் கட்டுப்பணம் காரின் விலையையே மிஞ்சிவிடுவது அந்நாட்டில் வியப்புக்குரிய செய்தியன்று. அதே காரை ஓட்டுவதற்குத் தகப்பனாரிடம் கேட்கும் தொகையிலும் பன்மடங்கு மகனிடம் கேட்கப்படுகின்றது. இலங்கையிலிருந்து சென்று இலண்டனிற் குடியேறிய தமிழ்க் குடும்பங்களும் இத்தொல்லையை அறியும். ஆதலின், இதன் காரணம் யாதென நேயர்கள் தெரிந்துகொள்வது பயனுடையதாகும்.

மோட்டார் காப்புறுதி பிரித்தானியாவிற் கட்டாயமாக்கப்பட்டது 1930ஆம் ஆண்டின் வீதிப் போக்குவரத்துச் சட்டத்தினாலாகும். இலங்கையின் 1951ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டமும் இவ்வாறே மூன்றாந் தரப்பினர்க்கான காப்புறுதியை வற்புறுத்துகின்றது. இக்கட்டாயம் கார்ச் சொந்தக்காரரின் நலத்தைக் கருதி எழுந்ததன்று; அவருடைய காரினால் ஊறுபட்டவர் நட்டஈடு பெறாது கைவிடப்படலாகாது என்பதே அதன் கருத்து. உடற்காயத்துக்கு இவ்வளவுதான் பொறுப்பென்று பிரித்தானியச் சட்டம் உச்ச எல்லை எதனையும் வகுக்கவில்லை. முதுகெலும்பு முறிந்த இருபது வயது இளைஞன் ஒருவனை ஐம்பது அறுபது ஆண்டுகள் பராமரிக்க நேரின், அந்த ஒரு விபத்தின் செலவே பல இலட்சம் பவுணைத் தாண்டும். இளஞ் சாரதிகள் இரவிலே, நண்பர்களைக் காரில் நிறைத்துக்கொண்டு செல்வது வழக்கம். அவ்வேளையில் நேரும் விபத்திற் காயப்படுவோர் ஒருவர் இருவராய் நிற்பதில்லை. கட்டுப்பணம் உயர்வதற்கு விபத்துகளின் தொகை மட்டுமன்று, அவற்றின் கொடுமையும் காரணம் என்பதைப் பலர் நினைத்துப் பார்ப்பதில்லை.

கணக்கை எளிமையாகக் காண்போம். விளக்கத்தின் பொருட்டு எடுத்த எண்களே இவை. நடுத்தர வயதினர் நூறு பேருள் நால்வர் ஓராண்டில் விபத்துக்குள்ளாகி, ஒவ்வொன்றுக்கும் 5,000 பவுண் செலவாயின், மொத்தம் 20,000. தலைக்கு 200 பவுண். இளைஞர் நூறு பேருள் பத்துப்பேர் விபத்துக்குள்ளாகி, ஒவ்வொன்றுக்கும் 8,000 பவுண் செலவாயின், மொத்தம் 80,000; தலைக்கு 800 பவுண். இதன்மேல் 2017ஆம் ஆண்டு முதல் நூற்றுக்குப் பன்னிரண்டு வீதம் அரசாங்க வரி வேறு. முன்னவர் 24 பவுண் வரியிறுக்க, பின்னவர் 96 பவுண் இறுக்கவேண்டும். முழுத்தொகையையும் ஒருங்கே கட்ட இயலாதவர் மாதந்தோறும் கட்டுவதாயின், பெரும்பாலும் வட்டியும் சேரும். கையிற் பணமில்லாதவனே கூடுதலாகக் கொடுக்கிறான்.

கணக்கிற் பிழையில்லை. ஆனால், அந்த நூறு இளைஞருள் தொண்ணூறு பேர் எவரையும் மோதவில்லையே! அவர்கள் செய்த குற்றம் என்ன? அவர்களை இன்னார் என்று கம்பனி இன்னும் அறியவில்லை. அறியாதபடியால் வயதைக்கொண்டு அளக்கின்றது. ஒருவரை அவர் சார்ந்த கூட்டத்தைக்கொண்டு அளப்பது எவ்வளவு தூரம் நியாயம் என்னும் வினா நீதிமன்றம்வரை சென்றதுண்டு. ஆண், பெண் என்னும் வேறுபாட்டைக்கொண்டு கட்டுப்பணம் விதித்தலாகாதென ஐரோப்பிய நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்திலே தீர்ப்பளித்தது. 2012 டிசம்பர் 21ஆந் தேதி முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதுவரை இளம் பெண்கள் பெற்றுவந்த சலுகை அதனோடு போயிற்று. வயதுபற்றிய வேறுபாட்டைச் சட்டம் அப்படியே விட்டுவிட்டது.

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநில மக்கள் 1988ஆம் ஆண்டிலே வாக்களித்து வேறொரு வழியைக் கண்டனர். ஓட்டுநரின் நடத்தை, ஆண்டொன்றில் ஓடும் தூரம், ஓட்டிய அனுபவம் ஆகிய மூன்றுமே முதன்மையாகக் கருதப்படவேண்டுமென விதித்தனர். அனுபவத்தை ஆண்டுகளால் எண்ணும்போது இளைஞனுக்கு அங்கும் முழு விடுதலை கிட்டவில்லை. கனடாவின் சஸ்கச்சவான் மாகாணத்திலோ, அடிப்படைக் காப்புறுதியை மாகாண அரசின் நிறுவனமே வழங்குகின்றது. வயதை அது பார்ப்பதில்லை. இளைஞர்க்குக் குறையும் சுமையில் ஒரு பங்கை முதியோர் தாங்குகின்றனர். அது தகுமா என்பதிற் கருத்து வேறுபடலாம். முதியோரும் ஒருகால் இளைஞராயிருந்தவர்களே என்பதை நோக்குமிடத்து, அம்முறையைக் குறைகூறுவது எளிதன்று.

பிரித்தானியக் கம்பனிகள் கண்ட உபாயம் ‘கறுப்புப் பெட்டி’ எனப்படும் சிறு கருவி. காரிற் பொருத்தப்படும் அது வேகத்தையும், திடீரெனப் பிரேக் பிடிப்பதையும், வளைவுகளிற் காரைத் திருப்பும் விதத்தையும், நள்ளிரவில் ஓடுவதையும் குறித்துக் கம்பனிக்கு அறிவிக்கும். நிதானமாய் ஓட்டுபவன் தன் நிதானத்தை மெய்ப்பிக்க இது வாய்ப்பளிக்கின்றது. அதற்கு விலையாக, அவன் போக்குவரவெல்லாம் பிறர் கண்ணுக்குத் தெரிகின்றது. இதனை விரும்பாதவர், ஒன்று முதல் ஐம்பது வரையுள்ள காப்புறுதி வகுப்புகளிலே தாழ்ந்த வகுப்பிலுள்ள சிறு காரைத் தெரிந்துகொள்ளலாம். அனுபவமிக்க தாயையோ தகப்பனாரையோ துணைச் சாரதியாகச் சேர்ப்பதும் கட்டுப்பணத்தைச் சில வேளைகளிற் குறைக்கும். அவர்களும் அக்காரை மெய்யாகவே ஓட்டுவாராயின் அதிற் குற்றமில்லை.

குற்றம் எங்கே வருகின்றதென்றால், இம்முறையைத் தலைகீழாக்குவதிலே வருகின்றது. நாள்தோறும் ஓட்டுபவன் மகன். பத்திரத்தில் முதன்மைச் சாரதி தகப்பனார். பிள்ளைமேலுள்ள அன்பினாற் செய்யப்படுவதே எனினும், சட்டத்தின் முன் இது பொய்யுரையாகும். வேண்டுமென்றே பொய்த்தகவல் கொடுத்தால், ஒப்பந்தத்தையே இல்லையெனத் தள்ளிவிடக் கம்பனிக்கு 2012ஆம் ஆண்டுச் சட்டமொன்று உரிமை தருகின்றது. கட்டிய பணமும் பொதுவாகத் திரும்பாது. விபத்திற் காயமுற்றவருக்குக் கம்பனி நட்டஈடு கொடுத்தபின், அத்தொகையைத் தகப்பனாரிடமே அறவிட முற்படலாம். வீடு வாசலை விற்றாலும் அடையாத தொகையாக அது இருக்கக்கூடும்.

மகனுக்கும் தப்பில்லை. காப்புறுதியின்றிக் கார் ஓட்டினான் என்னும் வழக்கு அவன்மேல் வரலாம். அக்குற்றத்துக்கு ஆறு தண்டப் புள்ளிகளேனும் உண்டு. பரீட்சையிற் சித்தியெய்தி இரண்டாண்டுகளுக்குள் ஆறு புள்ளிகளைச் சேர்த்த புதுச் சாரதியின் அனுமதிப்பத்திரம், 1995ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பறிக்கப்படும். பின்னர் முதலிலிருந்து பரீட்சை எழுதி ஓட்டிக்காட்ட வேண்டும். அதன்பின் அவன் காப்புறுதி கேட்கப்போனால், முந்திய கட்டுப்பணமே மலிவாகத் தோன்றும்.

நட்டஈடு கோராது கழித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் கம்பனிகள் கழிவு தருவது வழக்கம். முதலாண்டின் சுமை மறு ஆண்டுகளிற் படிப்படியாகக் குறைவது இதனாலேயே. அக்கழிவு பத்திரம் எவர் பெயரில் உள்ளதோ அவர் கணக்கிலேயே பெரும்பாலும் ஏறும். தகப்பனார் பெயரில் மகன் ஐந்தாண்டு பழுதின்றி ஓட்டியிருப்பினும், தன் பெயரிற் பத்திரம் கேட்கும் நாளில், அநேகமாக முதலாம் ஆண்டுக்காரனுக்குரிய கட்டுப்பணமே அவன்முன் வைக்கப்படும்.