மண்ணிலும் வரைபடத்திலும்

இங்கிலாந்தின் வடக்கே, யார்க்‌ஷயருக்கும் லங்காஷயருக்கும் நடுவில் பென்னைன் மலைச்சரிவுகள். அங்கே ஒற்றை வரிசையாகக் கற்பலகை பாவிய பழைய பாதைகள் இன்றும் இருக்கின்றன. ஒரு குதிரை கால் வைக்கும் அகலம்தான். சாலைகளும் கால்வாய்களும் ரயிலும் வருவதற்கு முன்பு கம்பளித் துணி, உப்பு, சுண்ணாம்பு எல்லாம் இந்த வழியில்தான் போயின. பொதி சுமந்த குதிரைகள் ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும். பள்ளத்தாக்கின் அடிப்பகுதி சேறும் சதுப்புமாக இருந்ததால் மேட்டிலேயே பாதை போட்டார்கள். ஓடைகளின் மேல் கட்டிய கல்பாலங்களில் பக்கச்சுவரைத் தாழ்வாக வைத்தார்கள், இருபுறமும் தொங்கும் பொதி உரசாமல் போக வேண்டுமே என்று. ஹெப்டன் பிரிட்ஜ் என்ற சிற்றூருக்கு அந்தப் பெயரைத் தந்த பாலம் 1510 வாக்கில் கல்லால் கட்டப்பட்டது. இன்னும் நிற்கிறது.

நான் வசிப்பது அந்தச் சிற்றூர் இருக்கும் பள்ளத்தாக்கில். மருந்தகத்தில் வேலை. சொந்தமாகக் குதிரை கிடையாது. பக்கத்துப் பண்ணையில் இருக்கும் ஃபெல் போனி ஒன்றை அதன் உரிமையாளரோடு முறைவைத்துப் பராமரிக்கிறேன், சவாரியும் செய்கிறேன். அந்தக் காலத்தில் பொதி சுமந்த குதிரைகளில் இந்த இனமும் உண்டு. கட்டையான கால், அடர்ந்த பிடரி, எந்தச் சரிவிலும் தடுமாறாத நடை. அந்த நடையை நம்பி ஏறத் தொடங்கிய பிறகுதான், பாதைகளைக் காக்கும் தன்னார்வலர்களோடு சேர்ந்தேன்.

குதிரைக்குத் தனிப்பாதை எதற்கு, சாலையில் போனால் ஆகாதா என்று ஊரிலிருந்து வந்த என் சித்தி கேட்டார். குதிரை மிரளும் பிராணி. பின்னால் லாரி உறுமினால் ஓடித் தப்பிக்கவே அதன் உடம்பு சொல்லும். குதிரையைக் கடக்கும் வாகனம் மணிக்கு 10 மைலுக்கு மேல் போகக்கூடாது, குறைந்தது 2 மீட்டர் தள்ளிப் போக வேண்டும் என்று 2022இல் சாலை விதிக் கையேட்டில் சேர்த்தார்கள். எல்லோரும் அதைப் படித்துவிட்டா வண்டி ஓட்டுகிறார்கள்?

ஆகவே குதிரைப் பாதை தேவை. சட்டப்படி அதில் நடக்கலாம், குதிரையில் போகலாம், 1968 முதல் சைக்கிளிலும் போகலாம். ஆனால் இங்கிலாந்தின் பொதுவழிகள் அனைத்தையும் சேர்த்துப் பார்த்தால், குதிரையில் செல்வோருக்குத் திறந்திருப்பது ஏறக்குறைய 22 விழுக்காடுதான். மீதி, நடப்பவர்களுக்கு மட்டும். அந்த 22 விழுக்காடும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. ஒரு பாதையில் நிம்மதியாகப் போய்க்கொண்டிருப்போம். ஊர் எல்லை வந்ததும் அது நடைபாதையாக மாறிவிடும். கல் அதேதான், மதில் அதேதான், உரிமை மட்டும் இல்லை.

இதன் வேர் 1949ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஒவ்வொரு கவுன்சிலும் தன் பகுதியின் பொதுவழிகளைப் பதிந்து, சட்டத்தின் முன் இறுதிச் சான்றாக நிற்கும் வரைபடம் ஒன்றைத் தயாரிக்க வேண்டும் என்றது அந்தச் சட்டம். நம் ஊர் கிராம வரைபடத்தில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று இருப்பதைப் போன்றது இது: கோட்டில் இருந்தால் வழி, இல்லாவிட்டால் வழக்கு. கணக்கெடுப்பைச் செய்தவர்கள் அந்தந்த ஊர்க்காரர்கள். ஒரு ஊரில் அக்கறையோடு குதிரைப் பாதை என்று எழுதினார்கள். அடுத்த ஊரில் அதே வழியை நடைபாதை என்று எழுதினார்கள், அல்லது விட்டே விட்டார்கள்.

எனவே எங்கள் வேலை இரண்டு இடங்களில் நடக்கிறது, மண்ணிலும் காகிதத்திலும். மண்ணில் நடப்பது எல்லோர் கண்ணிலும் படுகிறது. இலையுதிர் காலம் தொடங்கியதும் கைவாள், நீண்ட பிடி வைத்த கத்தரி, மண்வெட்டி சகிதம் கிளம்புவோம். நடப்பவர் தலைக்கு இடிக்காத கிளை, குதிரைமேல் இருப்பவரின் முகத்தில் அடிக்கும். அதனால் இன்னும் உயரத்துக்கு வெட்ட வேண்டும். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை பறவைகள் கூடு கட்டும் காலம் என்பதால் வேலிப் புதரில் கை வைப்பதில்லை. கோடையில் வேறு வேலை இருக்கிறது. ராக்வொர்ட் என்ற மஞ்சள் பூச்செடி குதிரையின் ஈரலைக் கெடுக்கும் நஞ்சு. பச்சையாக இருக்கும்போது கசப்பால் குதிரை ஒதுக்கிவிடும். பிடுங்கிப் பாதையோரம் போட்டுவிட்டு வந்தாலோ, காய்ந்தபின் கசப்புத் தெரியாமல் தின்றுவிடும். ஆகவே கையுறை போட்டு வேரோடு பிடுங்கி, ஒன்றுவிடாமல் மூட்டை கட்டி எடுத்து வருவோம்.

ஆனாலும் பாதைக்கு முதல் எதிரி தண்ணீர்தான். சரிவில் ஓடும் மழைநீர் பாதையையே ஓடையாக்கிக்கொள்ளும். குளம்பு பட்டு மண் குழையும், குழைந்த மண்ணை அடுத்த மழை அரிக்கும். சரியான இடம் பார்த்துக் குறுக்கே சாய்வாக ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி நீரைப் பக்கத்துக்குத் திருப்பினால் பாதை பல ஆண்டு தாங்கும். வேலைக்கு முன்பு கவுன்சிலின் சம்மதமும் நில உரிமையாளரின் சம்மதமும் வாங்குவோம். ஆடு குட்டி போடும் பருவத்தில் யாரோ கதவைத் திறந்து போட்டுவிட்டுப் போனால் விவசாயிக்கு வரும் கோபம் நியாயமானது. அதனால் குதிரையில் உட்கார்ந்தபடியே எட்டித் திறந்து மூடும் நீளப்பிடித் தாழ்ப்பாள் பொருத்துவதில் எனக்குத் தனி அக்கறை. இறங்காமல் மூட முடிந்தால் யாரும் திறந்து விட்டுப் போக மாட்டார்கள்.

காகித வேலையை யாரும் படம் எடுப்பதில்லை. எனக்கோ அதுதான் மதிப்புக்குரிய வேலையாகத் தெரிகிறது. எங்களோடு இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாரக்கணக்காக ஆவணக் காப்பகத்தில் உட்கார்ந்திருப்பார். பொதுநிலங்களை வேலியிட்டுப் பங்கிட்ட காலத்து ஆவணங்களில் எந்த வழி யாருக்கு, எத்தனை அடி அகலம் என்றே எழுதியிருக்கும். 1836ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி தேவாலய வரிக்காக வரைந்த வரைபடங்கள் உண்டு. விளைச்சல் தராத சாலைக்கு வரி இல்லை என்பதால் அதைத் தனியாகக் காட்டியிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் எனக்குப் பிடித்தது 1910இன் நில மதிப்பீட்டுப் பதிவுகள். லாயிட் ஜார்ஜ் நிதியமைச்சராக இருந்தபோது நிலவரி போடுவதற்காக நாடு முழுவதும் அளந்தார்கள். நிலத்தின் குறுக்கே பொதுவழி போனால் மதிப்பில் கழிவு உண்டு. அந்தக் கழிவுக்காக நில உரிமையாளர்களே, ‘என் நிலத்தில் பொதுக் குதிரைப் பாதை போகிறது’ என்று எழுதிக் கொடுத்தார்கள். பொய் சொன்னால் தண்டனை. அந்த விவரங்களைப் பதிந்த கள ஏடுகள் லண்டனின் கியூவில், தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நூறு ஆண்டு கழித்து ‘இங்கே வழியே இல்லை’ என்பவருக்கு, அந்த நிலத்தின் பழைய உரிமையாளரே பதில் எழுதி வைத்திருக்கிறார்.

ஒரு தனி மனுஷியின் பிடிவாதம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு எங்கள் பக்கத்திலேயே சான்று உண்டு. லங்காஷயரைச் சேர்ந்த மேரி டவுன்லி, குதிரைப் பாதைகள் பாழாய்க் கிடப்பதை நாட்டுக்குக் காட்ட, 1986இல் நார்தம்பர்லாந்திலிருந்து டெர்பிஷயரின் ஆஷ்பர்ன் வரை சுமார் 250 மைல் குதிரையில் சென்றார். அதிலிருந்து பிறந்ததுதான் பென்னைன் குதிரைப் பாதைத் திட்டம். 2001இல் அவர் காலமானார். திட்டத்தின் முதல் பகுதியாக, அவர் பெயரிலேயே, 47 மைல் வட்டப்பாதை 2002இல் திறந்தது. 205 மைல் பாதை முழுவதும் 2012இல் நிறைவடைந்தது. அந்த வட்டப்பாதையில் போகும் ஒவ்வொரு முறையும் அவருக்கு நன்றி சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் பதியாத சிறு பாதைகளுக்குப் பெரிய ஆபத்து ஒன்று வந்தது. 1949க்கு முந்தைய பழைய வழிகள் 2026 ஜனவரி 1க்குள் வரைபடத்தில் ஏறாவிட்டால் உரிமை அற்றுப்போகும் என்றது 2000ஆம் ஆண்டுச் சட்டம். தன்னார்வலர்கள் இரவு பகலாக மனு எழுதினார்கள். பிறகு கெடுவை 2031க்குத் தள்ளினார்கள். 2024 டிசம்பரில், கெடுவையே நீக்கப் போவதாக அரசு அறிவித்தது. எங்களுக்கு மூச்சு வந்தது.

இப்போது நாங்கள் போராடும் பாதை ஒரு மைலுக்கும் குறைவு. சில ஆண்டுகளுக்கு முன் அதன் கதவில் பூட்டு விழுந்தது. பழைய ஆவணம் எதிலும் அது தெளிவாக இல்லை. ஆகவே இன்னொரு சட்ட வழியைப் பிடித்திருக்கிறோம். பூட்டு விழுந்த நாளிலிருந்து பின்னோக்கி 20 ஆண்டு இடைவிடாமல் மக்கள் குதிரையில் போயிருந்தால், அது பொதுவழி என்று சட்டம் கொள்ளும். ஒளிந்து போயிருக்கக்கூடாது, வலுக்கட்டாயமாகப் போயிருக்கக்கூடாது, அனுமதி கேட்டும் போயிருக்கக்கூடாது. அனுமதி கேட்டவரின் சாட்சியம் செல்லாது. படிவத்தை நிரப்பிய மூதாட்டி ஒருவர் அந்தக் கேள்வியைப் பார்த்து, “ரோட்டில் போவதற்கு யாரிடம் கேட்பது?” என்றார். அப்படியே எழுதச் சொன்னோம்.

பிந்திய ஆண்டுகளுக்குச் சாட்சிகள் நிறைய. தொடக்க ஆண்டுகளுக்குத்தான் படிவம் போதவில்லை. அப்போது அங்கே குதிரை வைத்திருந்த குடும்பம் ஒன்று இப்போது ஹாலிஃபாக்ஸில் இருக்கிறதாம். இந்த ஞாயிறு ஆசிரியையும் நானும் அவர்களைப் பார்க்கப் போகிறோம்.