எதிர்ச் சுவர் எத்தனை அடியில்?

காலை 9 மணி. மும்பை சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினசில் மின்சார ரெயில் வந்து நிற்கிறது. கூட்டம் கொட்டுகிறது. சாப்பாட்டு டப்பாவும் கைப்பையுமாக ஓடுகிறவர்களில், தலையை நிமிர்த்திக் கட்டிடத்தைப் பார்ப்பவர் எத்தனை பேர்?

பார்க்க வேண்டிய கட்டிடம்தான். எப்.டபிள்யூ.ஸ்டீவன்ஸ் என்ற ஆங்கிலேயர் வரைந்த திட்டம் அது. 1878-ல் தொடங்கிய வேலை முடியப் பத்து ஆண்டுகள் ஆயின. கூர்மையான வளைவுகள், வண்ணக் கண்ணாடிகள், கல்லில் செதுக்கிய மயில், குரங்கு, இலை, கொடி. வாசலின் ஒரு பக்கம் சிங்கம். மறு பக்கம் புலி. சிங்கம் பிரிட்டனுக்கு, புலி இந்தியாவுக்கு! 2004-ல் யுனெஸ்கோ இதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இது "கோதிக்" பாணி. ஐரோப்பாவில் மாதா கோவில்களுக்கு எடுத்த பாணியை இங்கே ரெயில் நிலையத்துக்கு எடுத்தார்கள். ஏன்? பயணிக்கு வெயில் படாமல் இருக்க ஒரு தகரக் கூரை போதும். ஆள்வது யார் என்று ஊருக்குக் காட்டவே இத்தனை கல்லும் கோபுரமும். கட்டிடக் கலையின் ஒரு வேலை அது.

இன்னொரு வேலையும் உண்டு. உள்ளே வாழ்பவனுக்கு வெளிச்சமும் காற்றும் தருவது. அதை மறந்தால் என்ன ஆகும் என்பதை பம்பாய் விரைவிலேயே கண்டது.

கொள்ளைநோய் தந்த பாடம்

ரெயில் நிலையம் கட்டி முடித்து எட்டே ஆண்டுகள். 1896-ம் ஆண்டு செப்டம்பரில், துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வி பகுதியில் பிளேக் நோய் தலைகாட்டியது. பின்னர் நகரமெங்கும் பரவியது. லட்சக்கணக்கானோர் ஊரை விட்டு ஓடினார்கள். ஆலைகள் ஆளின்றித் தவித்தன.

நோயைப் பரப்பியது எலியின் உடலில் வாழும் தெள்ளுப்பூச்சி என்பது பின்னால் தெரிந்தது. ஆனால் அந்த எலிக்கு இடம் கொடுத்தது எது? நெருக்கியடித்த இருட்டு வீடுகள். ஒரே அறையில் பலர். இரண்டு கட்டிடங்களுக்கு நடுவே குப்பையும் சாக்கடையும் ஓடும் சந்து.

அரசு விழித்துக்கொண்டது. 1898-ல் பம்பாய் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைந்தது. கடற்காற்று ஊருக்குள் வரட்டும் என்று பிரின்சஸ் வீதி, சாண்ட்ஹர்ஸ்ட் வீதி போன்ற அகலமான சாலைகள் வெட்டப்பட்டன.

டிரஸ்ட் பின்பற்றிய ஒரு விதி இன்றைக்கும் நினைவில் வைக்கத்தக்கது. "அறுபத்து மூன்றரை டிகிரி விதி" என்று அதற்குப் பெயர். கணக்கு எளிது. எதிர்க் கட்டிடத்தின் உயரத்தில் பாதியாவது நடுவே திறந்தவெளி வேண்டும். எதிரே 60 அடி உயரக் கட்டிடமா? நடுவே 30 அடி விடு! அப்போதுதான் கீழ்த்தளத்து அறைக்கும் வானம் தெரியும்.

மாதுங்கா பிறந்த கதை

தாதரும் மாதுங்காவும் அந்த டிரஸ்ட் வகுத்த குடியிருப்புகளே. நேரான வீதிகள், மர நிழல், ஐந்து தோட்டங்கள். அலுவலகங்களில் குமாஸ்தாவாகவும் சுருக்கெழுத்தராகவும் வேலைக்கு வந்த தமிழர்கள் இங்கே வாடகைக்குக் குடியேறினார்கள். 1932-ல் இங்கேயே தென்னிந்தியக் கல்விச் சங்கம் தோன்றியது. வெளிச்சமான தெரு அமைந்தது. ஒரு சமுதாயம் வேர் விட்டது.

1930-களில் கான்கிரீட் மலிந்தபோது "ஆர்ட் டெக்கோ" என்ற புதுப் பாணி வந்தது. மெரைன் டிரைவ் முழுக்க அதுதான். வளைந்த பால்கனிகள், ஜன்னலுக்கு மேலே புருவம்போல் நீளும் கான்கிரீட் பட்டை. அது அலங்காரம் மட்டுமல்ல, வெயிலையும் மழையையும் தடுக்கும். இந்தப் பாணி மாதுங்கா, தாதர் வீடுகளிலும் புகுந்தது.

ஆனால் டிரஸ்ட் கட்டிய வீடுகளைவிட இடித்த வீடுகளே அதிகம். இடம் இழந்த ஏழைகள் வேறு நெரிசலுக்குள் போய் விழுந்தார்கள். மாதுங்காவில் குமாஸ்தாவுக்குத் தோட்டம் கிடைத்த காலத்தில், ரெயில் பாதைக்கு அந்தப் பக்கம் தாராவியில், திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் பதனிட வந்த தொழிலாளிக்குக் கிடைத்தது சதுப்பு நிலம்தான்.

வராந்தாவின் மகிமை

ஆலைத் தொழிலாளிக்குக் கிடைத்தது "சால்". வரிசையாக ஒற்றை அறைகள், முன்னால் ஒரே நீண்ட வராந்தா, கோடியில் பொதுக் கழிப்பறை. வசதி குறைவுதான். ஆனால் அந்த வராந்தா ஒரு காரியம் செய்தது. அறிமுகம் இல்லாதவர்களை அண்டை வீட்டாராக்கியது. கிர்காமில் கேசவ்ஜி நாயக் சாலில் 1893-ல் தொடங்கிய பொது விநாயகர் விழா இன்றும் நடக்கிறது. முற்றமும் வராந்தாவும் இல்லையென்றால் அந்தக் கூட்டம் எங்கே கூடியிருக்கும்?

1920-களில் அரசே வொர்லி, நைகாம், டிலைல் ரோடு, சிவ்ரி ஆகிய இடங்களில் 207 "பி.டி.டி." சால்களைக் கட்டியது. ஒவ்வொன்றிலும் 80 அறைகள். அறைக்கு 160 சதுர அடி. இங்கே திறந்த வராந்தா இல்லை. நடுவே நீண்ட நடை, இரு புறமும் அறைகள். தொடக்கத்தில் குடிவர ஆள் இல்லாமல் பல அறைகள் காலியாகக் கிடந்தன.

மறுபடி அதே தவறா?

1995-ல் குடிசைவாசிகளுக்கு இலவச வீடு தரும் திட்டம் வந்தது. 225 சதுர அடி என்று தொடங்கிய வீட்டின் அளவு, இப்போது 300 சதுர அடி. சொந்தக் கழிப்பறை, வீட்டுக்குள் குழாய். இரவில் பொதுக் கழிப்பறைக்குத் துணை தேடி நின்ற பெண்களைக் கேட்டால் இதன் அருமை தெரியும்.

ஆனால் கோவண்டி பகுதியில், இடம்பெயர்ந்தவர்களுக்காக எழுப்பிய குடியிருப்புகளைப் பாருங்கள். ஏழெட்டு அடுக்குக் கட்டிடங்கள். நடுவே சில இடங்களில் 3 மீட்டர், அதாவது சுமார் 10 அடிதான் இடைவெளி! பழைய விதிப்படி 35 அடி வேண்டும். பட்டப்பகலிலும் கீழ் வீடுகளில் விளக்கு எரிகிறது. வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று 2018-ல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 1896-ல் கற்ற பாடத்தை நகரம் தொலைத்துவிட்டது.

கையெழுத்துக்கு முன்...

2025 ஆகஸ்டில் வொர்லி பி.டி.டி. சால் மக்கள் 556 பேருக்குப் புது வீட்டுச் சாவி கிடைத்தது. 160 சதுர அடியில் வாழ்ந்தவர்களுக்கு 500 சதுர அடி! சந்தோஷமான செய்தி. இன்னும் பல சால்களும் குடிசைப் பகுதிகளும் இதே போல மாறப் போகின்றன. குடிசைச் சீரமைப்பில் பெரும்பாலும் குடியிருப்போரின் ஒப்புதல் கேட்கப்படுகிறது.

ஒப்புதல் கேட்டு வருபவர்கள் வண்ணப் படம் காட்டுவார்கள். பளபளக்கும் வாசல், உயரமான கோபுரம், சதுர அடிக் கணக்கு. படத்தைப் பாருங்கள். ஆனால் வரைபடத்தையும் கேளுங்கள். நமக்குக் கிடைக்கும் கட்டிடத்துக்கும் எதிர்க் கட்டிடத்துக்கும் நடுவே எத்தனை அடி? சமையல் இடத்தில் ஜன்னல் உண்டா? அது வெளியே திறக்கிறதா, குழாய்ச் சந்துக்குள் திறக்கிறதா? நடையில் பகல் வெளிச்சம் விழுமா? பிள்ளைகள் விளையாட, பெரியவர்கள் உட்கார்ந்து பேச ஓர் இடம் உண்டா?

இந்தக் கேள்விகளுக்கு எஞ்சினீயர் படிப்பு தேவையில்லை. ஓர் அளவு நாடா போதும். கோபுரம் யாருக்காக என்பது வாசலில் தெரியும். வீடு யாருக்காக என்பது ஜன்னலைத் திறந்தால்தான் தெரியும்.