தாழ்ந்துபோன சிமெந்துத் தளம்: குத்தகையாளரை அமர்த்துமுன் அறிய வேண்டியவை

தோட்டத்தில் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த சேமநிதிப் பணத்தைக் கொண்டு, தாமான்களில் சொந்த வீடு வாங்கிக் குடியேறிய குடும்பங்கள் நம்மிடையே பல உள்ளன. குடியேறிய சில ஆண்டுகளில், கார் நிறுத்துமிடமும் சமையலறையின் பின்புறத் தளமும் மெல்லத் தாழ்வதை அவர்கள் காண்கின்றனர். சுவருக்கும் தளத்திற்கும் இடையே விரல் நுழையும் அளவு இடைவெளி தோன்றுகிறது. முதியோர் அதில் இடறி விழலாம். மழைநீர் அவ்வழியே வீட்டடியில் இறங்கலாம். ஆயினும் அவசரப்பட்டு யாரிடமோ முன்பணம் கொடுத்து ஏமாறுவது அதைவிடப் பெரிய இழப்பாகும்.

தளம் தாழ்வதேன்?

வீட்டின் சுவர்களையும் தூண்களையும் அடித்தளமோ ஆழப் புதைத்த முளைத்தூண்களோ தாங்குகின்றன. சுற்றியுள்ள தளமோ பெரும்பாலும் கொட்டி நிரப்பிய மண்ணின்மீதே ஊற்றப்படுகிறது. அம்மண்ணைப் படிப்படியாக நன்கு இறுக்காவிடில், அது நாளடைவில் அமிழும். கிள்ளான் போன்ற கரையோரப் பகுதிகளின் மென்களிமண்ணிலும் கரிமண் நிலத்திலும் இது மிகுதி. நிலத்தடியில் கசியும் குழாயும், உடைந்த கால்வாயும் மண்ணை அரித்துத் தளத்தின்கீழ் வெற்றிடம் உண்டாக்குவதும் உண்டு.

ஆகவே காரணத்தை முதலில் காணுதல் வேண்டும். வீட்டுக் குழாய்களை எல்லாம் மூடிவிட்டு, நீர்மானியின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து அந்த எண் கூடியிருந்தால் எங்கோ நீர் கசிகிறது என்பது தெளிவு. வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடிட்டுத் தேதி எழுதி, மூன்று மாதம் கவனியுங்கள். வெடிப்பு வளர்ந்துகொண்டே போனால் மண் இன்னும் அடங்கவில்லை எனக் கொள்ளலாம். சுவரில் சாய்வான வெடிப்பு விழுந்தாலும், கதவு சன்னல் இறுகினாலும், அது தளத்தோடு நிற்கும் குறையன்று. பதிவு பெற்ற பொறியியலாளரின் ஆலோசனையை நாடுதல் அவசியம்.

செலவு யாருடையது?

தோட்ட நிருவாகம் தந்துள்ள வீடாயின், அதைச் செம்மையாகப் பேணும் கடமை முதலாளியுடையது. 1990ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீட்டு வசதித் தரச் சட்டம் இதனை வலியுறுத்துகிறது. எனவே அங்கு நாம் கைப்பணம் செலவிடாமல், நிருவாகத்திடம் எழுத்து மூலம் முறையிட வேண்டும். மேம்பாட்டாளரிடமிருந்து வாங்கிய புதிய வீடாயின், சாவி பெற்ற நாளிலிருந்து 24 மாதங்கள் குறைபாட்டுப் பொறுப்புக் காலமாகும். அதற்குள் தரமற்ற வேலையால் நேர்ந்த குறையை எழுதித் தெரிவித்தால், 30 நாட்களுக்குள் மேம்பாட்டாளர் தம் செலவில் சீர்செய்தல் வேண்டும்.

எந்த முறை ஏற்றது?

பழைய தளத்தின்மேல் இன்னொரு பூச்சு ஊற்றிச் சமன்செய்வதாகச் சிலர் கூறுவர். 15 சதுர மீட்டர் இடத்தில் 5 சென்டிமீட்டர் கனத்திற்குக் கான்கிரீட் ஊற்றினால், ஏறக்குறைய 1,800 கிலோகிராம் எடை கூடும். தாழும் மண்ணின்மேல் ஒரு காருக்கும் மிகுந்த சுமையை நிரந்தரமாக ஏற்றுவதற்கு இது ஒப்பாகும். மண் அடங்காத இடத்தில் இம்முறை நிலைக்காது.

தளம் உடையாமல் தாழ்ந்திருப்பின், அதில் சிறு துளைகளிட்டுச் சிமெந்துக் கலவையை அழுத்தி உட்செலுத்தி உயர்த்தலாம். விரிந்து இறுகும் பாலியூரித்தேன் நுரையைச் செலுத்துவது மற்றொரு முறை. நுரை எடை குறைந்தது, விரைவில் இறுகுவது, ஆனால் செலவு பொதுவாக அதிகம். தளம் துண்டு துண்டாக நொறுங்கியிருப்பின், அதை உடைத்தெடுத்து, மண்ணைப் படிப்படியாக இறுக்கி, கம்பி வலையிட்டுப் புதிதாக ஊற்றுவதே நன்று. எம்முறையாயினும், நீர் சுவரை நோக்கி ஓடாமல் கால்வாயை நோக்கி ஓட வேண்டும். மீட்டருக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் சரிவு போதுமானது. கசிவை அடைக்காமல் தளத்தை உயர்த்துவது வீண் வேலையே.

குத்தகையாளரைத் தெரிவு செய்தல்

கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியத்தில் பதிவு பெற்றவரா என முதலில் கேளுங்கள். அவர் முன்பு செய்த வேலையை நேரில் சென்று காணுங்கள். ஈராண்டுக்கு முன் செய்த வேலையே நல்ல சான்று. குறைந்தது மூவரிடம் விலை கேளுங்கள். மிகக் குறைந்த விலை சொல்பவர் எதை விட்டுவிட்டார் என்பதையும் கேட்டறியுங்கள். வந்து பாராமலே விலை கூறுவோரையும், முழுப்பணத்தையும் முன்னதாகக் கேட்போரையும் தவிர்த்தல் நலம்.

வாய்மொழி உடன்பாடு போதாது. தளத்தின் அளவு, செய்யும் முறை, கான்கிரீட்டின் கனம், மொத்த விலை, முடிக்கும் நாள், உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதி இருவரும் கையொப்பமிடுங்கள். மீண்டும் தாழ்ந்தால் யார் செலவில் திருத்துவது என்பதும் அதில் இருக்கட்டும். முன்பணத்தைச் சிறு தொகையாக வைத்துக்கொண்டு, வேலை நடக்க நடக்கப் பணம் கொடுங்கள். இறுதித் தவணையைக் கனமழை ஒன்று பெய்து நீர் சரியாக வடிவதைப் பார்த்த பின்னர்க் கொடுப்பதாக முன்கூட்டியே ஒப்புக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் பற்றுச்சீட்டுப் பெறுங்கள். கால்வாயை மூடவோ மாற்றவோ வேண்டியிருப்பின், ஊராட்சி மன்றத்தின் அனுமதி பெற்ற பிறகே வேலையைத் தொடங்க வேண்டும்.

இத்தனைக்குப் பின்னும் குத்தகையாளர் வாக்குத் தவறினால் மனம் தளர வேண்டியதில்லை. 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அமைந்த மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 50,000 வெள்ளி வரை கோரலாம். பதிவுக் கட்டணம் 5 வெள்ளியே. வழக்கறிஞர் வைக்க வேண்டியதில்லை. அங்கே நம் பக்கம் பேசுபவை கையொப்பமிட்ட தாளும், பற்றுச்சீட்டும், வேலைக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களுமே. உழைத்துக் கட்டிய வீட்டைக் காப்பதற்கு, பணத்தோடு இவற்றையும் பத்திரப்படுத்தப் பழகுவோமாக.